தட்கல் தரிசனம்

பழனியின் தலபுராணமே ஒரு ஓட்டப் பந்தயம்தான். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்குப் பழம் என்றார்கள். முருகன் மயிலேறிக் கடலும் மலையும் தாண்டி முறைப்படி சுற்றி வந்தான். பிள்ளையார் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உலகம் இவ்வளவுதான் என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டார். முழுத் தூரமும் போனவன் ஏமாந்தான். கோபித்துக்கொண்டு கோவணத்தோடு மலையேறி நின்றுவிட்டான். நம்புகிறவர்கள் நம்பட்டும், எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் குறுக்குவழியில் முந்தியவன்மேல் கோபப்படுகிற ஒரு கடவுளைக் கற்பனை செய்திருக்கிறார்களே, அந்தக் கற்பனையில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தச் சாமியின் சந்நிதியிலேயே இன்று காசு கட்டினால் ஒரு வரிசை, கட்டாவிட்டால் இன்னொரு வரிசை.

பழனிக்குக் கிழக்கே, திண்டுக்கல் சாலையில் இருக்கிறது ஆயக்குடி. ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி என்று ஊர் ஊராகக் கடந்து பாதயாத்திரை வருகிறவர்கள் இங்கே வந்து சேரும்போது பாதம் கொப்புளித்துப் போயிருக்கும். பாதிப் பேர் துணி சுற்றிக்கொண்டு நடப்பார்கள். பல நாள் நடந்து வந்த இவர்கள் மேலே போய்ப் பொது வரிசையில் நிற்க, நேற்று ராத்திரி காரில் கிளம்பியவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு முன்னால் போவார். இதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. "அவுகளுக்கு வசதி இருக்கு, கட்டிட்டுப் போறாக" என்பதோடு முடிந்துவிடும். கடவுள் முன் எல்லாரும் சமம் என்று சொல்லும் அதே வாயிலிருந்துதான் இதுவும் வருகிறது.

கோயிலைப் பற்றிப் பேச நான் உட்காரவில்லை. கோயில் வரிசையில் பழகிய புத்தி விசா வரிசையில் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் ஒரு நாள் காலை இந்தப் பேச்சு வந்தது. ஏலம் முடிந்து, கேரளாவுக்குப் போகிற செங்காயைத் தனியாகவும் பழுத்ததைத் தனியாகவும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கமிஷன் கடைக்காரரின் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அமெரிக்காவில் விசாக் கட்டணத்தை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதற்கு அவர் அசரவில்லை. "இதுல என்னண்ணே விவாதம்? கூலியக் கூட்டிக் குடுத்தா ஆளு வரும். ஆளு வந்தா வேலை வெரசா முடியும். வாங்குறதக் கூட வாங்கிட்டு, சீக்கிரம் குடுத்துட்டுப் போகட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பகுத்தறிவு என்று பேசுகிறவன் முதலில் செய்ய வேண்டியது, இப்படி நியாயமாகத் தோன்றுவதைக் கணக்குப் பார்ப்பது. கூடக் கட்டினால் சீக்கிரம் கிடைக்கிறதா? நடந்தது என்ன?

அமெரிக்காவில் குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். என்ற துறை, பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில்தான் நடக்கிறது. வரிப்பணம் அதில் சொற்பம். 2007 ஜூலை 30 முதல் அந்தத் துறை கட்டணத்தை ஒரே அடியாக ஏற்றியது. குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கைரேகைச் செலவோடு சேர்த்து 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் 675 கட்ட வேண்டி வந்தது. பணம் வந்தால் ஆள் எடுப்போம், காத்திருக்கும் காலத்தை 20 சதவீதம் குறைப்போம் என்பது வாக்குறுதி. நம் கமிஷன் கடைக்காரர் சொன்ன அதே கணக்கு.

விலை ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஜனம் என்ன செய்யும்? பட்ஜெட்டுக்கு முந்தின ராத்திரி பெட்ரோல் பங்க்கில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஏறுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அந்த நிதியாண்டில் குடியுரிமை கேட்டு மட்டும் பதினான்கு லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். ஏழு மாதத்தில் முடிந்துகொண்டிருந்த வேலைக்குப் பதினாறு முதல் பதினெட்டு மாதம் ஆகும் என்று அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் துறையின் தலைவரே நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பிறகு ஆள் எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், தேக்கம் மெல்லக் கரைந்தது. ஆகக் கட்டணத்தால் ஆள் வரும் என்பது பொய்யில்லை. ஆனால் ஏறிய கட்டணத்தைக் கட்டியவர் ஒருவர், அதன் பலனை அனுபவித்தவர் அவருக்கு ரொம்ப நாள் கழித்து வந்த வேறொருவர்.

அதே துறையில் இன்னொரு ஏற்பாடு உண்டு: 'ப்ரீமியம் ப்ராசஸிங்'. 2001-இல் தொடங்கியது. விண்ணப்பக் கட்டணம் போக 1,000 டாலர் தனியாகக் கட்டினால் 15 நாளில் பதில். டெக்சாஸ் மாப்பிள்ளைக்கு அவன் கம்பெனி கட்டியது இதைத்தான். 2024 பிப்ரவரியில் அந்தக் கட்டணம் 2,805 டாலர் ஆனது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்தப் 15 நாள் என்பதை 15 வேலை நாள் என்று மாற்றினார்கள். சனி ஞாயிறு கழித்தால் மூன்று வாரம். விலை ஏறக்குறைய மூன்று மடங்கு, அதற்குக் கிடைக்கும் வேகம் முன்னைவிடக் குறைவு. பதில் என்றால் முடிவு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. "இன்னும் ஆதாரம் அனுப்பு" என்று ஒரு கடிதம் போட்டாலும் பதில்தான். கடிதம் போட்டதும் கடிகாரம் நின்றுவிடும். ஆதாரம் போய்ச் சேர்ந்த பிறகு முதலிலிருந்து ஓடும்.

இதைவிட முக்கியமானது 2017-இல் நடந்தது. அந்த ஏப்ரல் 3 முதல் எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு இந்தச் சிறப்பு வரிசையைத் துறை தற்காலிகமாக மூடியது. சொன்ன காரணம்: ப்ரீமியம் கேட்டு வருகிறவர்கள் பெருகிப்போனதால், நெடுநாளாகக் கிடக்கும் சாதாரண விண்ணப்பங்களைப் பார்க்க முடியவில்லை. துறையே எழுத்தில் கொடுத்த வாக்குமூலம் இது. முன்னால் போகிறவர் வாங்குகிற நேரம் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை, பின்னால் நிற்கிறவரிடமிருந்து எடுத்ததுதான். மலைமேல் கருவறைக்கு ஒரு வாசல்தான். டிக்கெட் வரிசையிலிருந்து பத்துப் பேர் உள்ளே போகும்போது பொது வரிசை நிற்கிறது. அங்கே யாரும் இதை எழுத்தில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. சாதாரண வரிசையில் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் டாலர் கட்ட யார் வருவார்? வேகத்தை விற்கிற அலுவலகத்துக்கு, விற்காத வரிசை மெதுவாக இருப்பதில் லாபம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களையே உட்கார வைத்தாலும் கல்லாப் பெட்டி அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். நம் ஊரில் தாலுகா அலுவலக வாசலில் ஒருவன் இதே வேலையைச் செய்தால் புரோக்கர் என்கிறோம், லஞ்ச ஒழிப்புத் துறைக்கு போன் போடுகிறோம். ரசீது கொடுத்து அரசாங்கமே செய்தால் அதற்குப் பெயர் சேவை.

ரசீது இருக்கிறதே, பணம் கஜானாவுக்குத்தானே போகிறது, லஞ்சமும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். கணக்கு வழக்கில் ஒன்றில்லை. பின்னால் நிற்கிற ஏழைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, டெக்சாஸ் மாப்பிள்ளைக்குப் பதினைந்து நாளில் எல்லாம் முடிந்ததா? கிரீன் கார்டுக்கு அவன் கம்பெனி அந்தத் துறையில் போடும் மனுவுக்கும் ப்ரீமியம் கட்டலாம், சீக்கிரம் ஒப்புதலும் வரும். அதன் பிறகுதான் நிஜமான வரிசை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம். இந்தியாவில் பிறந்த பொறியாளர்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். அங்கே கோப்பைப் பார்க்க ஆள் இல்லாத பிரச்சினை இல்லை, கதவே ஏழு சதவீத அகலம். எத்தனை ஆயிரம் டாலர் கட்டினாலும் அது அகலாது. அவசரமாக ஓடிப்போய் அடுத்த வரிசையின் கடைசியில் நிற்பதற்கு ஒரு கட்டணம்!

இலங்கையில் இதையே வேறு விதமாகப் பார்த்தோம். 2024-இல் அங்கே பாஸ்போர்ட் புத்தகமே தீர்ந்துபோனது. புதிய மின்-பாஸ்போர்ட் ஒப்பந்தம் வழக்கில் சிக்க, வெற்றுப் புத்தகம் கையிருப்பில் இல்லை. பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்கள வாசலில் ஆட்கள் இரவெல்லாம் படுத்துக் கிடந்தார்கள். ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய் கட்டணம் என்று பலகை இருந்தது. கட்டவும் ஆள் தயார். அச்சடிக்கத் தாள் இல்லாத இடத்தில் இருபதாயிரம் எதை வாங்கும்? அக்டோபரில் புத்தகங்கள் வந்து இறங்கிய பிறகுதான் வரிசை நகர்ந்தது.

கட்டணமும் ஏறி, வரிசையும் குறைந்த ஒரு நாடு உண்டு. கனடா. டொரன்டோத் தமிழர்கள் பலர் தாமே அனுபவித்தது இது. குடியுரிமை விண்ணப்பக் கட்டணம் 100 டாலராக இருந்தது. 2014 பிப்ரவரியில் 300, 2015 ஜனவரியில் 530. ஈராண்டு இழுத்துக்கொண்டிருந்த வேலை ஓராண்டுக்குள் வந்தது. பார்த்தாயா என்று கமிஷன் கடைக்காரர் தொடையைத் தட்டுவார். பொறுங்கள். அதே 2014 ஆகஸ்டில் மூன்று படியாக இருந்த முடிவெடுக்கும் முறையை ஒரே அதிகாரி முடிக்கும் ஒரு படியாக மாற்றினார்கள். வேகம் அங்கிருந்து வந்ததா, டாலரிலிருந்து வந்ததா? இன்னொன்றும் நடந்தது. 2016-இல் முதல் ஒன்பது மாதத்தில் வந்த விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டில் அதே காலத்தில் வந்தவற்றில் பாதி. மொழித் தேர்வு எழுத வேண்டிய வயது வரம்பை விரித்ததும், குடியிருக்க வேண்டிய காலத்தை நீட்டியதும் அதற்குக் காரணம்தான். ஆனால் நாலு பேர் உள்ள குடும்பத்தில் யாருக்கு இந்த ஆண்டு, யாருக்கு அடுத்த ஆண்டு என்று சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களைக் கேட்டால் கட்டணத்தையும் சொல்வார்கள். ஏழைகள் விலகிக்கொண்டதால் நீளம் குறைந்த வரிசையை நிர்வாகத் திறமை என்று எழுதிக்கொள்ளலாம். மலையில் பொதுத் தரிசனத்தை நிறுத்திவிட்டால் அங்கேயும் கூட்டம் குறையும்.

பிரிட்டன் இந்தப் பாசாங்கைக்கூட விட்டுவிட்டது. அங்கே குழந்தையைக் குடிமகனாகப் பதிவு செய்ய 1,012 பவுண்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு விண்ணப்பத்தைப் பார்க்க ஆகும் செலவு 372 பவுண்டு என்று உள்துறையே கணக்குக் கொடுத்தது. மீதி, துறையின் மற்றச் செலவுக்கு. வழக்குப் போனது. குழந்தைகளின் நலனைப் பார்க்காமல் வைத்த கட்டணம் என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் குட்டியது. இப்படி வசூலிக்க நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்ட முடியாத குழந்தைகளுக்கு விலக்கு அதன் பிறகுதான் வந்தது. அந்தக் கூடுதல் 640 பவுண்டில் எந்தக் குழந்தையின் கோப்பாவது ஒரு நாள் முந்தியதா?

நம் வீட்டுக்கு வருவோம். ஆயக்குடிக்காரர் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமானால் அது மதுரை மண்டல அலுவலகத்தின் கணக்கில் வரும். கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். தட்கல் பாஸ்போர்ட் என்பது பத்து நாள் கூலிக்கும் மேல். வளைகுடாவுக்குக் கொத்தனாராகவோ டிரைவராகவோ போகிறவர் ஏஜென்டுக்கும் கொடுக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கு வரியும்தான் என்று விதி. விதியோடு நிற்கிறவரை நீங்கள் கண்டால் எனக்கும் சொல்லுங்கள். வெளிநாடு போகிறவன் காசுள்ளவன், அவன் கட்டட்டும் என்று பேசுகிறவர்கள் விமான நிலையத்தில் யாரைப் பார்க்கிறார்களோ தெரியவில்லை.

இந்தத் தட்கலில் வேகம் எங்கிருந்து வருகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாதாரண முறையில் போலீஸ் விசாரணை முடிந்த பிறகு பாஸ்போர்ட் வரும். தட்கலில் பாஸ்போர்ட் முதலில் வரும், விசாரணை பின்னால் நடக்கும். வேறு மாயம் எதுவும் இல்லை. இரண்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு தனியாக ஒரு எழுத்தர் ராத்திரி கண்விழித்து எழுதுவதில்லை. வேலையின் வரிசையை மாற்றுகிறார்கள். கட்டினவரின் நாணயத்தை முன்கூட்டி நம்ப அரசால் முடியுமென்றால், கட்டாதவரை நம்ப என்ன தடை?

தடை இல்லை என்று அரசே காட்டியது. ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை மூன்றையும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு கொடுத்தால், முதல் முறை விண்ணப்பிக்கிறவருக்கும் கூடுதல் கட்டணம் இல்லாமலே பாஸ்போர்ட்டை முன்னால் கொடுத்து விசாரணையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று 2016 தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. பணம் இல்லாமலே வேகம் வந்தது. 2017-இல் மைசூரிலும் தாஹோதிலும் தொடங்கி, தபால் நிலையங்களிலேயே பாஸ்போர்ட் கவுன்டர் திறந்தார்கள். விசாரணைக்கு வருகிற காவலரின் கையில் செயலி கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சின்ன விதி. ஒவ்வொரு பாஸ்போர்ட் விசாரணைக்கும் வெளியுறவு அமைச்சகம் மாநிலக் காவல் துறைக்குப் பணம் கொடுக்கிறது. 21 நாளுக்குள் அறிக்கை வந்தால் 150 ரூபாய். தாமதித்தால் 50 ரூபாய். தொகை அற்பம்தான். ஆனால் எந்தத் திசையில் கைகாட்டுகிறது பாருங்கள்: தாமதத்துக்கு இழக்கிறவர் வேலை செய்ய வேண்டியவர், காத்திருக்கிறவர் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2010-இல் கொண்டுவந்த பொதுச் சேவை உத்தரவாதச் சட்டமும் இதே திசைதான். குறித்த நாளில் சேவை தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 வரை அபராதம். தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகின்றன. கேட்டவர்கள் கூட்டத்தில் என்னால் பெரிய ஜனத்திரளைப் பார்க்க முடியவில்லை. தட்கலுக்கு மட்டும் காலையிலேயே கூட்டம்.

ஏன் என்றால், தனியாகத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருக்கும்வரை வரிசையைச் சரி செய்யச் சொல்லி யாரும் சண்டைக்கு நிற்பதில்லை. சத்தம் போடத் தெரிந்தவன், மனு எழுதத் தெரிந்தவன், நிருபரைத் தெரிந்தவன், இவர்கள் எல்லாரும் இரண்டாயிரம் கட்டி வெளியே போய்விடுகிறார்கள். வாயில்லாதவர்களால் மட்டுமே ஆன ஒரு வரிசை மிஞ்சுகிறது. இதில் பக்தர், நாத்திகர் என்ற பேதமும் இல்லை. சிறப்புத் தரிசனத்தைத் திட்டி மேடையில் முழங்குகிற கறுப்புச் சட்டைத் தோழர், மகளின் லண்டன் விசாவுக்கு 500 பவுண்டு 'ப்ரயாரிட்டி' கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறார். கேட்டால், "அது கோயிலு தோழர், இது கவர்மென்ட்டு" என்கிறார். கோயிலுக்காவது போகாமல் இருக்கலாம்.

கமிஷன் கடைக்காரர் லேசில் விடவில்லை. "ஓசியில குடுத்தா எவன்ணே மதிப்பான்?" என்றார். இதை ஆயக்குடியில் உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது. வார இறுதியில் இந்த ஊரில் ஒரு பள்ளி வளாகத்து மரத்தடியில், அரசுப் பணித் தேர்வுக்கு ஒரு பைசா வாங்காமல் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து மண்ணில் உட்கார்ந்து படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் தேறி, தமிழ்நாடு முழுவதும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே முன்வரிசைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. முதலில் வந்தவர் முன்னால்.

அவசரம் என்பதே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஓடுகிறவரை நிறுத்தி வைப்பது கொடுமை. அவருக்கு முன்னுரிமை அவர் நிலைமையால் வர வேண்டும், பர்ஸால் வரக் கூடாது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இதை ஒப்புக்கொள்ளாதவர் இல்லை. பணத்தை வைத்து அவசரத்தை அளந்தால், சுற்றுலாப் போகிற பணக்காரருக்கு எழவுக்குப் போகிற கூலிக்காரரைவிட அவசரம் அதிகம் என்று ஆகிவிடும்.

இதே மாவட்டத்தில், திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில், இலங்கைத் தமிழர்களுக்கு 321 வீடு கட்டி 2022 செப்டம்பரில் கொடுத்தார்கள். பழைய முகாம் குடிசைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடுகள் பெரிய காரியம். 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாநில அரசு மாற்றியது. தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டாக இருக்கிறவர்கள் உண்டு, இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் சொல்கிறது. அப்படிப் பிறந்தவரும் பாஸ்போர்ட் வாங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட வேண்டியிருந்தது. மற்றவர்கள் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள், குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவே தகுதி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்க வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவே.

கட்டணம் ஏற்றினால் சீக்கிரம் நடக்குமா என்று கேட்கிறவர்கள் தோட்டனூத்துக்கு ஒரு நடை போய் வரலாம். எவ்வளவு கேட்டாலும் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.